தேர்ச்சி: ஆம் / இல்லை

ஆகஸ்ட் 4

அண்ணன் அவர்களுக்கு,

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. போனில் கூப்பிட்டால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று வாக்கியம் பேசிவிடுவீர்கள். கடிதத்தை யாரும் குறுக்கே வெட்ட முடியாது. உங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் விலாசத்தை அம்மாவிடம் வாங்கினேன்.

நேற்று கல்வித் துறையிலிருந்து எங்கள் பள்ளிக்கு ஓர் உத்தரவு வந்தது. டிசம்பர் ஒன்றாம் தேதியோடு எல்லாப் பள்ளிகளிலும் தனி வாசிப்பு வகுப்புகளை மூடுகிறார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அது. ஆறு வருடமாக என் வேலை அதுதான். ஆய்வுக்கூடத்தின் சாமான் அறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஸ்பிரிட் நாற்றம் போகவில்லை. அதற்குள் இருபத்தெட்டுப் பிள்ளைகள்.

உத்தரவில் காரணமும் போட்டிருக்கிறார்கள். மாணவர்களில் தொண்ணூற்றொரு சதவீதம் பேர் வாசிப்பில் தேர்ச்சி அடைந்துவிட்டதாக ஓர் ஆய்வு சொல்கிறதாம். இணைப்பைப் புரட்டினால் உங்கள் பெயர்.

தலைமையாசிரியருக்கு ஒரே சந்தோஷம். "என்ன டீச்சர், அண்ணனே தங்கச்சி வகுப்புக்கு வேட்டு வச்சிட்டாரே!" என்றார், அலுவலக அறையில் எல்லோர் முன்பும்.

என் இருபத்தெட்டில் பத்தொன்பது பேருக்கு ஒரு வரி வாசிக்க வராது. ஒரு பெண் இருக்கிறாள், கிளி என்று கூப்பிடுவோம். முழுப் பாடத்தையும் நிறுத்தி நிதானமாக வாசிப்பாள். போன மாதம் வந்த பள்ளி ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் நடுவில் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன். அவள் நிறுத்தவில்லை. பழைய பக்கத்தையே தொடர்ந்து வாசித்தாள். வீட்டில் அவள் அக்கா படிப்பதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

அந்தத் தொண்ணூற்றொன்று எங்கிருந்து வந்தது? அதை மட்டும் எழுதுங்கள்.

தங்கை

*

ஆகஸ்ட் 13

தங்கைக்கு,

'அவர்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். நல்லது. வாடகைக்கு வீடு கேட்டு எழுதுகிறவர்கள்கூட இதைவிட நெருக்கமாக எழுதுவார்கள்.

எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாய். உங்களிடமிருந்துதான் வந்தது. அறுநூறு பள்ளிகளுக்குப் படிவம் அனுப்பினோம். மாணவர் வாரியாக ஆசிரியர்களே நிரப்பி, தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். உன் பள்ளியும் அதில் உண்டு. நான் கூட்டினேன், வகுத்தேன். அவ்வளவுதான். பொய் எழுதியது யார், கூட்டிப் பார்த்தது யார் என்பதை முதலில் பிரித்துப் பார்.

வகுப்புகளை மூடு என்று நான் எங்கும் எழுதவில்லை. 'இலக்கு எட்டப்பட்டுவருவதால் தனி வகுப்புகளின் தேவை குறைகிறது' என்று எழுதினேன். குறைகிறது என்பதற்கும் மூடு என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் துறையில் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வது?

இணைப்பில் என் பெயரைப் பார்த்தாயே, அது எத்தனையாவது பெயர் என்று பார்த்தாயா? இரண்டாவது. மூன்று வருடம் நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், அதன் சூட்டிலும் புழுக்கத்திலும் உட்கார்ந்து வேலை செய்தவன் நான். முதல் பெயர் இயக்குநருடையது. அவர் அந்த ஆய்வை முழுதாகப் படித்ததுகூட இல்லை. மேடையேறிப் பரிசு வாங்கியவர் அவர். கீழே உட்கார்ந்து கை தட்டியவன் நான்.

அந்த ஆய்வின் சிறந்த பகுதியையும் யாரும் படிக்கவில்லை. வாசிப்பு வகுப்பே இல்லாத பள்ளிகளிலும் தொண்ணூறு சதவீதம் வந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் திகைத்துப் போயிருப்பார்கள். பக்கத்துப் பள்ளிகளின் பயன் இங்கேயும் கசிந்திருக்கிறது என்று நான் காட்டினேன். 'பரவல் விளைவு' என்று பெயர். நாற்பது பக்கம். முடிந்தால் படித்துப் பார்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 20

அண்ணனுக்கு,

இதோ 'அவர்கள்' எடுத்துவிட்டேன்.

பக்கத்துப் பள்ளியில் பாடம் நடந்தால் நம் பிள்ளைக்கு வாசிப்பு வந்துவிடுமா? அது என்ன சளியா, இருமலா, பரவுவதற்கு? நாற்பது பக்கம் எழுதிய நேரத்தில் அந்தப் பள்ளிகளில் ஒன்றுக்காவது நீ போயிருக்கலாம்.

நாங்கள் யாரும் பொய் எழுதவில்லை. பள்ளியில் வைத்திருந்த பிரதியை நகலெடுத்து இத்துடன் அனுப்புகிறேன். ஏழாம் கட்டத்தைப் பார். 'வாசிப்பில் தேர்ச்சி: ஆம் / இல்லை.' இவ்வளவுதான் உன் கேள்வி.

தேர்ச்சி என்றால் உனக்குத் திறமை. எங்களுக்கு அது பதிவேட்டில் உள்ள ஒரு பத்தியின் பெயர். 'தேர்ச்சி' என்று தலைப்புப் போட்டு, பாடவாரியாக வருடக் கடைசியில் நாங்கள் நிரப்புகிற பத்தி. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்பது சட்டம். பிள்ளைக்கு அவன் பெயரே வாசிக்கத் தெரியாவிட்டாலும் அந்தப் பத்தியில் ஆம் என்றுதான் இருக்கும். நீ கேட்டாய், நாங்கள் பதிவேட்டைப் பார்த்து எழுதினோம். நான் மட்டுமல்ல, அறுநூறு பள்ளியிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். பதிவேட்டோடு ஒத்துப்போகாத படிவத்தில் எந்தத் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட மாட்டார்.

அப்படியானால் அந்த ஒன்பது சதவீதம் யார் என்று உனக்குத் தோன்றும். என் பட்டியலில் இரண்டு பேருக்கு 'இல்லை' இருக்கிறது. இரண்டு பேரும் அக்கா தங்கை. வேலை தேடிப் போன அப்பா அம்மாவோடு வருட நடுவில் ஊரைவிட்டுப் போனவர்கள். அவர்களில் பெரியவள் நன்றாகவே வாசிப்பாள்.

நீ அளந்தது வாசிப்பை அல்ல அண்ணா. யார் ஊரில் இருந்தார்கள், யார் போய்விட்டார்கள் என்பதை அளந்திருக்கிறாய்.

தங்கை

*

செப்டம்பர் 5

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். நான்காம் நாள் கிடங்குக்குப் போய்ப் படிவக் கட்டுகளை இறக்கினேன். எலிப் புழுக்கை, தூசி, நூல் அறுந்த மூட்டைகள். நாற்பது பள்ளிகளின் படிவங்களைப் பிரித்து 'இல்லை' என்றிருந்த பெயர்களை மட்டும் எடுத்து, அதே கட்டிலிருந்த வருகைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். மூன்று பெயரைத் தவிர மற்ற எல்லோரும் பாதியில் நின்றவர்கள்.

பரவல் விளைவும் இப்போது விளங்கிவிட்டது. வகுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே எண் வந்ததற்குக் காரணம், சட்டம் எல்லாப் பள்ளிக்கும் ஒன்று என்பது. நாற்பது பக்கம். அதை இப்போது கையில் எடுக்கவே அருவருப்பாக இருக்கிறது.

இயக்குநரிடம் போனேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தோலை ஒவ்வொன்றாக எங்கள் அறிக்கையின் மேலட்டையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு சொல்லுதானேங்க? அகராதியப் பாருங்க, ரெண்டு அர்த்தமும் இருக்கு. நாம ஒண்ண எடுத்துக்கிட்டோம்."

"அவங்க இன்னொண்ண எடுத்துக்கிட்டாங்க சார்."

"அது அவங்க பாடு. அடுத்த பதிப்புல அடிக்குறிப்பா போட்டுரலாம்."

"வகுப்ப மூடறாங்க சார்."

"மூடறது துறை. நாம பூட்டும் சாவியும் வச்சுக்கிட்டா சுத்தறோம்?" ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "இங்க பாருங்க, அடுத்த மாசம் துறை ஆலோசகர் பதவிக்குப் பட்டியல் போகுது. உங்க பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன். பத்தொன்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கீங்க. இப்பப் போயி சொந்த வீட்டு மேலயே கல்லெறிவீங்களா?"

விரலை என் அத்தியாயத்தின் ஒரு தாளில் துடைத்தார். அதைப் பார்த்த பிறகும் "யோசிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

யோசித்தேன். நான் ஆலோசகரானால் உள்ளே இருந்துகொண்டு இதைச் சரிசெய்யலாம். இரண்டு வருடம் ஆகும். அதற்குள் உன்னைத் தலைநகரில் ஒரு நல்ல பள்ளிக்கு மாற்றிவிட முடியும். சாமான் அறையில் ஸ்பிரிட் நாற்றத்தில் கிடக்க வேண்டாம். அவசரப்படாமல் பதில் எழுது.

அண்ணன்

*

செப்டம்பர் 12

அண்ணா,

அவசரப்பட்டே எழுதுகிறேன். எனக்கு மாற்றல் கேட்டு நான் எழுதவில்லை. இரண்டு வருடத்தில் கிளி ஆறாம் வகுப்பைத் தாண்டியிருப்பாள். அங்கே எட்டுப் பாடப் புத்தகம். எட்டையும் மனப்பாடம் செய்ய அவள் அக்காவால் எட்டையும் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருக்க முடியாது. உள்ளே போய்ச் சரிசெய்கிறேன் என்கிறாய். உள்ளே போனவர்கள் இதுவரை எதைச் சரிசெய்தார்கள் என்று நீதானே வருடம் முழுக்கத் திட்டிக்கொண்டிருப்பாய்?

உன் கடிதத்தைப் படிக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அந்தப் படிவம் வந்த அன்றே எனக்குத் தெரியும். அடியில் உன் பெயர் இருந்தது. ஏழாம் கட்டத்தைப் பார்த்ததும், இந்த மனுஷன் ஒன்றைக் கேட்க நினைத்து வேறொன்றைக் கேட்டிருக்கிறான் என்று புரிந்தது. தலைமையாசிரியரிடம் சொன்னேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் போடுங்க டீச்சர். பாஸா? பாஸ். மேல போங்க" என்றார். படிவத்தின் கீழே 'ஐயம் இருப்பின் அழைக்கவும்' என்று ஓர் எண் இருந்தது. உன் எண். பாதி எண்களை அழுத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். அப்பா இறந்தபோது பத்திரிகைக்கு நான் எழுதிக்கொடுத்த அறிவிப்பில் 'அன்பு தந்தை' என்று இருந்தது. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். நீ சிவப்புப் பேனாவால் அதைச் சுழித்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "எழுத்து சொல்லிக் குடுக்கிற டீச்சருக்கு நடுவுல ஒரு 'த்' போட வரல பாருங்க" என்றாய். சித்தப்பா சிரித்தார். அன்றைக்கு அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அப்பாவை நினைத்து அழ எனக்கு அன்று இடமே கிடைக்கவில்லை.

ஒரு 'த்'துக்காக என்னை நடுவீட்டில் நிறுத்தியவன், ஒரு சொல்லில் முழுசாக விழட்டும் என்று நினைத்தேன். ஊரைவிட்டுப் போன அந்த இரண்டு பேரைத் தவிர எல்லோருக்கும் 'ஆம்' போட்டேன். ஒவ்வொன்றுக்கும் சந்தோஷப்பட்டேன்.

நீ விழவில்லை. பிள்ளைகள்தான் விழப்போகிறார்கள்.

தங்கை

*

செப்டம்பர் 30

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நீ அந்த எண்ணை முழுதாக அழுத்தியிருந்தால் அறுநூறு பள்ளிக்கும் திருத்தம் அனுப்பியிருப்பேன். ஒரே ஒரு போன். ஒரு நிமிடம். என்மேல் உனக்கு இருந்த கடுப்பை அறுநூறு பள்ளியின் தலையில் கொட்டியிருக்கிறாய். இதை மன்னிக்கிறேன் என்று எழுதினால் அது பொய்.

அன்றைக்கு நான் செய்ததைப் பற்றியும் எழுத வேண்டும். அந்த 'த்' வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதை அங்கே சொன்னவனைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தச் சொல்லை இயக்குநர்தான் மாற்றியிருப்பார் என்று உறுதியாக நம்பினேன். நான் முதலில் எழுதிய கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: 'மாணவர் தாம் இதுவரை பார்த்திராத ஒரு பத்தியைத் தடையின்றி வாசிப்பாரா?' ஒழுங்கான கேள்வி. இதைச் சுருக்கியவன் எவனோ அவனை உலகத்துக்குக் காட்டுவது என்று வரைவுக் கோப்பைத் தேடினேன். ஒரு வாரம் தேடினேன். கிடைத்தது. அந்தக் கேள்வியை அடித்து, ஓரத்தில் பச்சை மையில் 'கட்டத்தில் அடங்கவில்லை. வாசிப்பில் தேர்ச்சி என்று போதும்' என்று எழுதியிருந்தது. பச்சை மை உபயோகிப்பவன் இந்த அலுவலகத்தில் நான் ஒருவன்தான். அன்று மாலை அச்சகத்துக்குப் போக வேண்டிய அவசரம். இரண்டே சொல்லில் அடக்கிவிட்டேன் என்று பக்கத்து மேசைக்காரரிடம் பெருமைப்பட்டதுகூட நினைவுக்கு வந்துவிட்டது.

நேற்று துறைக்கு எழுதிவிட்டேன். ஏழாம் கட்டத்தின் பதில்கள் வாசிப்புத் திறனைக் காட்டுபவை அல்ல, அவற்றை வைத்து எடுத்த முடிவை நிறுத்திவைக்க வேண்டும் என்று. இயக்குநருக்குப் பிரதி அனுப்பினேன். அவர் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மின்தூக்கியில் என்னைக் கண்டதும் படியில் இறங்கிப் போனார். அவருக்கு முழங்கால் வலி வேறு.

உன் பெயரை எங்கும் சொல்லவில்லை. உன் பள்ளியின் படிவத்தை மட்டும் எடுத்துக்காட்டாக இணைத்திருக்கிறேன்.

அண்ணன்

*

அக்டோபர் 21

அண்ணா,

எடுத்துக்காட்டாக இணைத்தாயே, அதில் என் கையெழுத்து இருப்பதை மறந்துவிட்டாயா?

துறையிலிருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. 'அரசு ஆய்வுக்குத் தவறான தகவல் அளித்ததாகத் தெரியவருகிறது. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாளில் விளக்கம் அளிக்கவும்.' அறுநூறு பள்ளியில் கேட்டது என்னிடம் மட்டும்.

தலைமையாசிரியர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "டீச்சர், நான் கையெழுத்துப் போட்டேன்தான். ஆனா நிரப்பினது நீங்க. எனக்கு ரிட்டயர் ஆக ஏழு மாசம் இருக்கு. என்னை இதுல இழுக்காதீங்க."

"நீங்கதானே சார் பாஸா பாஸ்னு சொன்னீங்க?"

"சொன்னேன். எழுத்துல இருக்கா?"

எழுத்தில் இருப்பது என்னுடையதுதான். நான் தெரிந்தே எழுதினேன் என்பதற்கு உலகத்தில் ஒரே ஓர் அத்தாட்சி, செப்டம்பரில் உனக்கு நான் போட்ட கடிதம். அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. உன்னைப் பற்றி இப்படி ஒரு சந்தேகம் வருகிற அளவுக்கு நாம் வந்துவிட்டோம்.

வகுப்பை நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன். கிளியிடமிருந்து பாடப் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டேன். சோப்பு உறை, மருந்து அட்டை, பஸ் டிக்கெட், இவைதான் இப்போது அவளுக்குப் பாடம். முதல் நாள் அழுதாள். இப்போது சண்டை போடுகிறாள்.

தங்கை

*

நவம்பர் 4

தங்கைக்கு,

துறை எனக்கும் எழுதியது. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: 'வினா தவறா, விடை தவறா? ஒரு வரியில் தெரிவிக்கவும்.'

இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொன்னார். டீ கொடுத்தார்.

"கேள்வி சரி, ஆசிரியர்கள் தப்பா நிரப்பிட்டாங்கன்னு எழுதினா ஆய்வு நிக்கும், நிறுவனம் நிக்கும், உங்க பேரு பட்டியல்ல நிக்கும். யாராவது ஒருத்தர் தெரிஞ்சே தப்பா எழுதினதுக்கு ஆதாரம் கெடச்சாப் போதும், மத்தத நான் பாத்துக்கறேன். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் உங்களுக்கு உறவாமே? அவங்க ஏதாவது எழுதியிருக்காங்களா?"

உன் செப்டம்பர் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ஏழு வாரமாக அங்கேதான் இருந்தது. அதை வெளியே எடுக்க நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். டீ ஆறும்வரை நினைத்தேன். பத்தொன்பது வருடம் ஒருவனை என்ன செய்துவைத்திருக்கிறது என்று அப்போது பார்த்தேன்.

"இல்ல சார். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது" என்றேன்.

துறைக்கு எழுதிய பதில் இது: 'வினா தவறு. அதை எழுதியவன் நான். விடை சரி.' கேட்டபடி ஒரு வரியில் அடங்கவில்லை.

ஆய்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதுவரை முதல் பெயராக இருந்த இயக்குநர், தாம் வழிகாட்டி மட்டுமே என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக, அந்த ஆய்வு முதன்முறையாக முழுக்க முழுக்க என்னுடையது. ஆலோசகர் பட்டியலில் இப்போது முதல் பெயர், அவருக்குக் கார் கதவு திறந்துவிடுகிற ஒரு முனைவர். என்னை நூலகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய அறிக்கைகளுக்கு எண் போடுகிற வேலை.

நன்றி என்று எழுதிவிடாதே. அந்த ஒரு போன் விஷயத்தில் உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. உன் செப்டம்பர் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அடுப்பில் போடு.

அண்ணன்

*

டிசம்பர் 3

அண்ணா,

அடுப்பில் போட்டேன்.

என்மேல் நடவடிக்கை இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து எனக்கு இரண்டாம் வகுப்பு, அறுபத்தொரு பிள்ளைகள். அதே கடிதத்தின் இரண்டாம் பத்தியில் இன்னொன்றும் இருந்தது. ஆய்வு திரும்பப் பெறப்பட்டாலும் வகுப்புகளை மூடுவது கொள்கை முடிவாம். கொள்கை முடிவு ஓர் ஆய்வை மட்டும் நம்பி எடுக்கப்படுவதில்லையாம். ஆகவே மாற்றமில்லை. மூடும்போது ஆதாரம் வேண்டியிருந்தது, அந்த ஆதாரம் செத்த பிறகு அது வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. உனக்கு அவர்களைத் திட்டத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. எனக்காகவும் சேர்த்துத் திட்டிக்கொள்.

முந்தாநாள் காலையில் நான் போகும்போதே அறையைப் பூட்டிவிட்டார்கள். கண்ணாடிக் குடுவைகள் உள்ளே திரும்பி வந்துவிட்டன. கதவில் தட்டச்சு செய்த தாள் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் வழக்கம்போல வந்து வரிசையில் நின்றார்கள்.

கிளி வரிசையை விட்டுக் கதவருகே போனாள். தாளில் விரலை வைத்தாள். 'வா... சிப்... பு' என்று தொடங்கினாள். 'வகுப்பு' என்பதைச் சட்டென்று பிடித்துவிட்டாள். 'மறு உத்தரவு வரை' என்ற இடத்தில் 'உத்தரவு' தகராறு செய்தது. 'உத்' என்றாள், 'உத்த' என்றாள், நான் உதவ வாயெடுத்தபோது பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினாள். மூன்று முறை பின்னால் போய் வந்து அதைத் தாண்டினாள். கடைசியில் 'மூடப்படுகிறது' என்பதை எழுத்து எழுத்தாக, ஒன்றையும் விடாமல் வாசித்து முடித்தாள். அண்ணா, அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரி. அவள் அக்காவும் அதைப் படித்துக்காட்டியிருக்க முடியாது.

திரும்பி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சரியா வாசிச்சேனா டீச்சர்?"

"சரி" என்றேன்.

தங்கை